பாதி தெரிந்த மொழியின் நகரம்

பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து ஐதராபாத்துக்குக் குடிபெயர்வோரை இரண்டு துன்பங்கள் ஒருசேர வருத்துகின்றன. ஒன்று ஊர் ஏக்கம். மற்றொன்று மொழி புரியாமை. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. காய்கறிக் கடையிலும் பக்கத்து வீட்டிலும் இரண்டு வார்த்தை பேச இயலாதவருக்கு மாலைப்பொழுது நீள்கிறது. நீளும் மாலையில் ஊர் நினைவு பெருகுகிறது. ஆகவே, ஏக்கத்துக்கான மருந்தை மொழியிலிருந்து தொடங்குவோம்.

பழைய ஏக்கம், பழைய குடியேற்றம்

1688-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தோரின் ஏக்கத்தை ஒரு நோயாகவே ஆராய்ந்து, அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே உற்ற மருந்து என்பது அவர் முடிவு. பணி ஒப்பந்தமும் கடன் தவணையும் உடைய நமக்கு அம்மருந்து எளிதில் கிட்டாது. சென்ற இடத்தில் வேர் பிடிப்பதே நமக்குரிய வழி.

அவ்வாறு வேர் பிடித்தவர்கள் இந்நகரிலேயே உள்ளனர். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் செகந்தராபாத் படைவீட்டு நகரம் உருவானது. சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வந்து தங்கின. பத்மாராவ் நகரின் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் இன்றும் தமிழ் ஒலிக்கக் கேட்கலாம். ஹைடெக் சிட்டியில் பணிபுரிவோர் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே செகந்தராபாத்தை அடையலாம். தெலுங்கில் வாழ்ந்து தமிழையும் விடாத அக்குடும்பங்களின் அறிமுகம் புதியவர்களுக்குப் பெருந்துணை.

முதல் பாடம்: சந்தை

தெலுங்கு நமக்கு முற்றிலும் அயல்மொழி அன்று. உப்பு அங்கும் உப்பே. பால் ‘பாலு’, பருப்பு ‘பப்பு’, நீர் ‘நீள்ளு’. பூண்டு ‘வெல்லுல்லி’ எனப்படும். வெள்ளுள்ளி என்ற நம் பழஞ்சொல்லே அது. தயிருக்குப் ‘பெருகு’ என்று பெயர். ‘பெருகன்னம்’ கேட்டால் தயிர்ச்சோறு கிடைக்கும். நாள்தோறும் ஐந்து சொற்களைக் கடையிலேயே கற்று, மறுநாள் அதே கடையில் பயன்படுத்தினால், ஒரு திங்களில் நூற்றைம்பது சொற்கள் நம் வசமாகும்.

மரியாதைக்கு இரண்டு சொற்கள் போதும். பெயருக்குப் பின் ‘காரு’ என்பது நம் ‘அவர்கள்’. ‘செப்பண்டி’ என்றால் ‘சொல்லுங்கள்’. பழைய நகரப் பகுதியில் தக்கணி உருது மிகுதி. அங்கு ‘ஹவ்’ என்றால் ஆம். ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

இரண்டாம் பாடம்: எண்கள்

பணம் கைமாறும் இடத்தில் எண்களே முதன்மை. ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு என்பவை எளிதில் விளங்கும். ஏழு என்பது ‘ஏடு’ ஆகும்போது கவனம் வேண்டும். வாடகை பேசுகையில் ‘ஏடு வேலு’ என்பதை எட்டாயிரம் என்று கொள்ள நேரலாம். அது ஏழாயிரம். எட்டு ‘எனிமிதி’, ஒன்பது ‘தொம்மிதி’, பத்து ‘பதி’, நூறு ‘வந்த’, ஆயிரம் ‘வெய்யி’. தொகையைக் கேட்டபின் எண்ணால் எழுதிக் காட்டி உறுதி செய்துகொள்வது நன்று.

மூன்றாம் பாடம்: ஏமாற்றும் சொற்கள்

முழுதும் தெரியாத சொல்லைக் கேட்டால் பொருள் வினவுவோம். தெரிந்ததுபோல் ஒலிக்கும் சொல்லே நம்மை வழுக்கி விழச் செய்யும். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை; விரைவைக் குறிப்பது ‘தொந்தர’. ஒருவர் ‘டப்பு அவசரம்’ என்றால் பணம் தேவை என்கிறார். உடனே வேண்டும் என்பது அதன் பொருளன்று. ‘அப்பு’ என்பது கடன். ‘சந்தகம்’ என்பது கையொப்பம். ‘வட்டி’ மட்டும் ‘வட்டீ’ என்று ஏறக்குறைய அப்படியே உள்ளது.

இச்சொற்கள் வரும் தாளில் கையொப்பமிடும் முன் நின்று சிந்திக்க வேண்டும். வாடகை ஒப்பந்தமோ பிணைப் பத்திரமோ தெலுங்கில் மட்டும் இருப்பின், நம்பத்தக்க ஒருவர் வரிவரியாகப் பொருள் கூறக் கேட்டபின்பே ஒப்பமிடுக. வங்கிப் படிவங்களைப் பொறுத்தவரை, வட்டார மொழியுடன் இந்தியும் ஆங்கிலமும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. தமக்குத் தெரிந்த மொழியிலான படிவத்தைக் கேட்டுப் பெறலாம். மொழி தெரியவில்லை என்பதற்காக ஏ.டி.எம். அட்டையையோ கைப்பேசியையோ அயலாரிடம் கொடுத்து உதவி கேட்டல் ஆகாது. ஓ.டி.பி., பின் எண் இரண்டையும் எம்மொழியிலும் எவரிடமும் சொல்லற்க. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஏக்கம் கடுமையானால்

உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் குன்றினால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாகாது. நடுவண் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் தொலைபேசியில் ‘எப்போது வருவாய்?’ என்று மட்டும் கேளாமல், ‘இன்று என்ன சொல் கற்றாய்?’ என்றும் கேட்கலாம். பிள்ளைகளிடமிருந்து நாமும் சில தெலுங்குச் சொற்களைக் கற்றுக்கொண்டால், அவர்களைக் காணச் செல்லும்போது நமக்கும் பயன்படும்.