பிரயாணிக்கு வேண்டிய இரு பத்திரங்கள்

நம் கல்லூரியிற் பயின்று வெளியேறுவோருள் மேற்படிப்பையோ உத்தியோகத்தையோ நாடிக் கடல் கடந்து செல்வோர் பலர். பாஸ்போர்ட்டு, விசா, பிரயாணச் சீட்டு ஆகியவற்றை நாம் பன்முறை சரிபார்க்கிறோம். தேகசுகத்தையோ கடைசி நாளில் நினைக்கிறோம். அயல்நாடு செல்வோர் தம் சரீரத்தின் பொருட்டுத் தேடிக்கொள்ள வேண்டிய பத்திரங்கள் இரண்டு. ஒன்று தடுப்பூசி அத்தாட்சி. மற்றொன்று இன்ஷூரன்ஸ் பாலிசி. இவை எதனைச் செய்யும், எதனைச் செய்யா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவதற்கு மஞ்சட் காய்ச்சலை உதாரணமாகக் கொள்வோம். பெயர் ஒத்திருப்பினும் இது நாம் அறிந்த மஞ்சட்காமாலை அன்று. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள வெப்ப நாடுகள் பலவற்றிற் காணப்படும் கொடிய வியாதி. கொசுவே இதனைப் பரப்புகின்றது என்று கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே 1881-ல் கூறியபோது அதனை ஏற்றோர் மிகச் சிலரே. 1900-ல் வால்ட்டர் ரீட் தலைமையில் அமெரிக்கக் குழுவொன்று அதே தீவிற் சோதனை செய்து, அவர் கூற்று மெய்யென நிலைநாட்டிற்று. 1937-ல் மாக்ஸ் தைலர் என்பார் சிறந்த தடுப்பு மருந்தொன்றைக் கண்டு, அதற்காக 1951-ல் நோபெல் பரிசு பெற்றார்.

இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆயினும் அதனைப் பரப்பவல்ல கொசு இங்கு உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே கொசுதான் அது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்வது. நோயுற்ற ஒருவர் வந்திறங்கினால் ஊரே துன்புற நேரிடலாம். ஆதலால், அந்நோயுள்ள நாட்டினின்றும் அத்தாட்சியின்றி வருவோரை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதியுண்டு. ஊசியிட்டுக்கொண்ட 10 நாட்களுக்குப் பின்னரே அத்தாட்சி செல்லுபடியாகும். புறப்படும் நாளில் இட்டுக்கொள்ளுதல் போதாது. ஒருமுறை இட்டுக்கொண்டால், 2016 ஜூலை 11 முதல் அமலில் உள்ள விதிப்படி, அது ஆயுள் முழுதும் செல்லும்.

ஆனால் இவ்வத்தாட்சி தடுப்பது ஒரு நோயையே. அதே நாடுகள் பலவற்றில் மலேரியாவும் உண்டு. அதற்குரிய மாத்திரைகளை வைத்தியர் சொற்படி புறப்படுமுன்னும், அங்குள்ள காலத்திலும், திரும்பிய பின்னும் உட்கொள்ளல் வேண்டும். இரவிற் கொசுவலையும் அவசியம். நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக. வயிற்றுப்போக்கு நேரின், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி அருந்துக.

இத்துணை கவனத்தையும் மீறி விபத்தோ வியாதியோ வரக்கூடும். அப்போது துணையாவதே இரண்டாம் பத்திரம். நல்ல சமாரியன் காயம்பட்டவனைச் சத்திரத்திற் சேர்த்து, மேற்செலவுக்கும் தானே பொறுப்பேற்றான் என நாம் படித்திருக்கிறோம். அவ்வாறே, பலர் செலுத்தும் சிறு தொகை, இடையில் வீழ்ந்த ஒருவரின் வைத்தியச் செலவைத் தாங்குவது இன்ஷூரன்ஸ். பிரான்ஸ், ஜெர்மனி முதலிய ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா கோரும் இந்தியர், குறைந்தது 30,000 யூரோவுக்குப் பாலிசி காட்ட வேண்டும். அவசரச் சிகிச்சையும், நோயாளியைத் தாய்நாட்டிற்கு அனுப்பும் செலவும் அதில் அடங்கியிருத்தல் வேண்டும்.

எனினும் பொய்யின் மேல் எழுதப்பட்ட பாலிசி உதவாது. நீரிழிவுள்ள மாணவர் ஒருவர், பிரீமியம் உயருமென அஞ்சி அதனை மறைத்தார் என வைத்துக்கொள்வோம். அயலூர் ஆஸ்பத்திரியில் அவ்வியாதி வெளிப்பட்டதும் கம்பெனி பணம் தர மறுக்கலாம். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், பெற்றோர் தலையில் வீழ்வதோ வீட்டை விற்றும் தீராத கடன். இவ்வொப்பந்தம் நன்னம்பிக்கையின்மேல் நிற்பது, அறிந்ததை மறைத்தலாகாது என்று ஆங்கில நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு 1766-லேயே தீர்ப்பில் விளக்கினார். ஆதலின் உள்ள நோயைக் கூறி, அதற்கும் காப்பு உண்டா என எழுத்து மூலம் கேட்டறிக. உட்கொள்ளும் மருந்தை வைத்தியர் சீட்டுடன் கைப்பையிற் கொண்டு செல்க.

திரும்பிய பின்னும் இக்கடமை முடிவதில்லை. மலேரியா சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் வெளிப்படலாம். காய்ச்சல் கண்டால் தாமதியாது நம்மூர் வைத்தியரிடம் சென்று, எந்நாட்டிற்கு எப்போது போய்வந்தோம் என்பதை முதலிற் கூறுவோமாக. அவர் கேளாதிருந்தாலும் நாம் சொல்லும் அவ்வொரு வாக்கியம் உயிரைக் காக்கக்கூடும்.