குடியை விட ஒரு துணைக் குழு: தேடுவது, போவது, தொடங்குவது

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. முகாமிலும் உறவினர் வீட்டிலும் நாட்களைக் கழித்த நீங்கள் இப்போது ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் திரும்புகிறீர்கள். கூரைத் தகரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பாடசாலை என்று வேலைகள் நிறைய இருக்கின்றன. இவற்றோடு, பல வீடுகளில் வெளியே பேசப்படாத ஒன்றும் உண்டு. அது குடி.

இழப்பும் பயமும் தூக்கமின்மையும் உள்ள காலத்தில் குடி கூடலாம். முகாமில் குடிக்காமல் இருந்தவர்கூட, லயத்துக்கு வந்து பழைய கூட்டாளிகளைக் கண்டதும் மறுபடி தொடங்கலாம். அதனால் திரும்பிய முதல் வாரத்திலேயே துணையைத் தேடிக்கொள்ளுங்கள்.

முதலில் வைத்தியரிடம்

தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாத உருவங்களைக் காண்பதும், ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவதும் நேரலாம். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை இழக்காதீர்கள். உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். கசிப்புக் குடித்தவருக்குப் பார்வை மங்கினாலும் அப்படியே செய்யுங்கள்.

ஆகவே "இன்றோடு நிறுத்து" என்று சத்தியம் வாங்குவதற்கு முன், அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்து உண்டு.

குழுவில் என்ன நடக்கும்?

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் என்ற பங்குத் தரகரும் பொப் என்ற வைத்தியரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் நொந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதே குடிக்காமல் இருக்க உதவியது. அப்படித் தொடங்கியதுதான் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள்.

• கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும்.
• முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது.
• முதல் நாள் நீங்கள் பேச வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டு இருக்கலாம்.
• திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும்.

எங்கே கேட்பது?

1. 1927: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம்.
2. 1926: தேசிய மனநல உதவி இலக்கம்.
3. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு.
4. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்.

கேட்கும்போது கூட்டம் நடக்கும் நாள், நேரம், தமிழில் பேசலாமா என்பதையும் விசாரியுங்கள். நுவரெலியாவில் என்றால், கந்தப்பளை வழியாகத் திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலே பார்த்து வையுங்கள். பஸ்ஸைத் தவறவிடும் பயத்தில் பாதியில் எழுந்து வருபவர் அடுத்த முறை போகமாட்டார்.

கிட்டடியில் குழு இல்லையென்றால்

இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே தொடங்கலாம். தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தபின், 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நகரத்துக்கு வர முடியாத கிராமத்தவருக்காக அந்த நிலையம் மஞ்சக்குடி என்ற ஊருக்கே போய் 1989 முதல் முகாம் நடத்தியது. ஊர் மக்களும் குடும்பத்தாரும் அதில் பங்கெடுத்தார்கள். தோட்டத்திலும் ஊர் துணைக்கு நிற்கலாம்.

அனுமதி பெற்று, கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ வாரம் ஒருநாள் கூடுங்கள். சாராயக்கடைக்குப் போகும் பாதையில் இடம் எடுக்காதீர்கள். சம்பள நாள் மாலையில் கட்டாயம் கூடுங்கள். மனம் தடுமாறும் நேரம் அதுதான். ஒருவர் இலக்கத்தை மற்றவர் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு கிளாஸ்தானே அண்ணே" என்று யாராவது கூப்பிட்டால், "வைத்தியர் வேண்டாம் என்றார், தம்பி" என்று சொல்லிவிட்டு நகருங்கள். வாதம் வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் அல்ல. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் அல்-அனொன் என்ற குழு தொடங்கியது. லயத்தில் இரண்டு மூன்று பெண்கள் அதுபோலச் சேர்ந்து பேசலாம். அவர் குழுவுக்குப் போக மறுத்தாலும் நீங்கள் உதவி கேட்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உடனடி ஆபத்தில் பொலிஸ் 119.

விட்டவர் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் வீணாகிப் போனதாக நினைக்க வேண்டாம். திட்டாமல், அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். நாள்தோறும் குடிக்கத் தொடங்கிவிட்டால் மறுபடி வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

• வைத்தியசாலைக்குப் போகும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• மேலுள்ள இலக்கங்களில் ஒன்றுக்கு அழையுங்கள்.
• முதல் கூட்டத்துக்குக் கூட வர ஒருவரைக் கேளுங்கள். தனியாகப் போவதைவிடத் துணையோடு போவது இலகு.