ஒரு பிள்ளையைத் தள்ளிவைத்த ஊர்

பிலிமத்தலாவையில் நாம் கூடும் படிப்பு வட்டத்தில் ஒரு தாய் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "சாமி, புதுசா குடிவந்த வீட்டுப் பிள்ளையோட எங்க மகன் ஒரே கோப்பையில தண்ணி குடிச்சிட்டான். அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு எயிட்ஸ்னு பேசிக்கிறாங்க. இப்ப நாங்க என்ன செய்யிறது?"

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. பேசிக்கொள்வது யார் என்று கேட்டோம். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்தத் தாயின் கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். எச்.ஐ.வி. என்பது ஒரு கிருமி. அது மருந்தின்றிப் பல ஆண்டுகள் உடலில் இருந்து, நோயை எதிர்க்கும் சக்தியை அழித்த பின்னர் வரும் நிலையே எயிட்ஸ். பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த இரத்தம், ஒருவர் பாவித்த ஊசியை மற்றவர் பாவித்தல், தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்குச் செல்லுதல் ஆகிய வழிகளிலேயே அது தொற்றுகிறது. கோப்பையில் தொற்றாது, இருமலிலோ, நுளம்புக்கடியிலோ, பொது மலசலகூடத்திலோ, ஒரே பாயில் படுப்பதிலோ தொற்றாது. பிள்ளைகள் கட்டிப்பிடித்து விளையாடுவதாலும் தொற்றாது.

இது தெரியாததால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் ஆபிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டு குளியாப்பிட்டிப் பகுதியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலை அனுமதி கிடைக்கவில்லை. அவனுடைய தந்தை எயிட்சால் இறந்தார் என்று ஒரு வதந்தி. பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று பரிசோதனை காட்டியும் ஊர் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பாடசாலை அவனைச் சேர்த்துக்கொண்டபோது, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வெறும் வாங்குகளுக்கு நடுவே அந்தப் பிள்ளை தனியே இருந்தான். விடயம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் கல்வி உரிமையை மறுக்க முடியாது என்ற நிலைப்பாடு அங்கே உறுதியானது. நமக்கு அருகே கண்டியிலுள்ள திரித்துவக் கல்லூரி அவனை ஏற்க முன்வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்குக் கிருமி இல்லை என்று சொல்லியே பலரும் அவனுக்காக வாதாடினார்கள். இருந்திருந்தால்? அப்போதும் அதே வாங்கில் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதனால் ஆபத்தில்லை. "பரிசோதனைத் துண்டைக் காட்டு, பிறகு பார்ப்போம்" என்று ஒரு தாயிடம் கேட்பதே அநியாயம் என்பது எமது எண்ணம்.

இலங்கையர் ஒருவரிடம் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1987 இல். இன்றும் நம் நாட்டில் வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானவருக்கே இது உண்டு. அது நல்ல செய்திதான். ஆனால் நோயாளியை நேரில் கண்டவர் குறைவு என்பதால் பயம் மட்டும் பெரிதாகிறது. உகண்டாவில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பமும் ஒரு சாவைக் கண்டது. கணவனை எயிட்சுக்குப் பறிகொடுத்த நொயெரின் கலீபா 1987 இல் மற்றவர்களோடு சேர்ந்து 'டாசோ' என்ற உதவி அமைப்பைத் தொடங்கினார். நம் நாட்டில் முகத்தை மறைக்காமல் பேச ஒருவர் வர வெகுகாலம் எடுத்தது. பிள்ளைகளுக்கான வைத்தியர் கமலிகா அபேரத்ன 1995 இல் வீதி விபத்தில் காயமடைந்து, ஏற்றப்பட்ட இரத்தத்தின் மூலம் தொற்றுக்கு ஆளானார். தமக்கு எச்.ஐ.வி. உண்டு என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். 2004 இல் இறக்கும்வரை நோயாளிகளுக்காகப் பேசினார். படித்த வைத்தியரே ஒதுக்கலை அனுபவித்தார் என்றால், முகாமிலிருந்து வந்த ஒரு கூலித் தாயின் கதி என்ன?

இடம்பெயர்ந்து வந்த நமக்கு இது புதிதல்ல. புது ஊரில் கிணற்றடியில் நம்மைப் பார்த்துக் குசுகுசுத்தவர்கள் இருந்தார்கள். "எங்கிருந்து வந்ததுகளோ, என்ன கொண்டு வந்ததுகளோ" என்ற பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். அதே பேச்சை இன்று நம்மில் சிலர் அடுத்த வீட்டைப் பார்த்துப் பேசுவது வேதனையாக இருக்கிறது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய், மருத்துவப் பரிசோதனையின் பின் திருப்பி அனுப்பப்படும் பெண்ணைப் பற்றியும் இப்படித்தான் கதை கட்டுகிறார்கள்.

விவசாயக் குடும்பத்துக்கு இந்நோய் செய்வது என்ன? ஆபிரிக்கக் கிராமங்களில் கண்ட உண்மை இது. தகப்பன் படுத்தால் முதலில் மாடு விற்கப்படுகிறது, பிறகு காணி. மூத்த பெண்பிள்ளை பாடசாலையை விட்டு நோயாளியைப் பார்க்கிறாள். பெற்றோர் இறந்தபின் பாட்டி வளர்க்கிறார். காணி மிஞ்சினாலும் எப்போது விதைப்பது, எந்த விதையை எடுத்து வைப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. இதனால்தான் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு மொசாம்பிக்கில் அநாதைப் பிள்ளைகளுக்கென வயற்பள்ளிகளைத் தொடங்கியது. காணியை விட்டு வந்த நமது பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்று தோன்றுகிறது. அதை வேறொரு முறை எழுதுவோம்.

இனி மருந்து. இக்கிருமியை முற்றாக அகற்றும் மருந்து பொதுவான பாவனைக்கு இன்னும் இல்லை. ஆனால் நாள்தோறும் குளிசை எடுத்தால் மற்றவர்களைப் போல வாழலாம், உழலாம், பிள்ளை பெறலாம். ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவாலும் அது பரவாது. மருந்தில்லாத தாயிடமிருந்து 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானவர்களுக்குத் தொற்றலாம். உரிய காலத்தில் மருந்தெடுத்தால் அது மிகச் சொற்பமே. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கிளினிக்கில் பரிசோதிப்பதன் பயன் இதுவே. ஆகவே கிளினிக்கைத் தவறவிட வேண்டாம். கண்டி தேசிய வைத்தியசாலை உட்பட அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரம் இரகசியமாக வைக்கப்படும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் வீட்டில் பேசிப் பாருங்கள். குளியாப்பிட்டியில் பிள்ளையை நிறுத்திய பெற்றோரில் ஒருவராக நாம் இருந்திருந்தால், முதல் நாள் காலையில் என்ன செய்திருப்போம்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் யார் எழுந்து பேசியிருப்பார்? கோப்பைக் கேள்வி கேட்ட அந்தத் தாய், தன் மகனை அந்தப் பிள்ளையோடு மீண்டும் விளையாட விட்டிருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். கோப்பையை மட்டும் இன்னும் வேறாக வைத்திருக்கிறாராம். அதைப் பற்றியும் பேசுவோம்.