டிராக்டரின் தண்ணீர் எங்கே போகிறது?

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் ஏரி நிரம்பியதும் உழவு மும்முரமாகிவிடும். அந்நாட்களில் டிராக்டர் ஒன்று நின்றுவிட்டால், அதற்குக் காத்திருக்கும் பல வயல்களின் நடவு பிந்திவிடும். இத்தகைய இடையூறுகளுள் ஒன்று, ரேடியேட்டரில் காரணம் தெரியாமல் தண்ணீர் குறைவது. தரையில் ஒரு சொட்டும் காணோம் என்று மேலும் மேலும் ஊற்றி ஓட்டுவது, நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

தண்ணீர் மாயமாய் மறைவதில்லை. அது போகும் வழிகள் மூன்று.

முதலாவது, வெளிக்கசிவு. சூடான எஞ்சினில் கசியும் துளி தரையை எட்டுமுன் ஆவியாகிவிடும். ஆதலால் இரவில் வண்டியின் அடியில் அட்டை விரித்து, விடியற்காலையில் எஞ்சினை இயக்குமுன் பார்த்தல் வேண்டும். ஹோஸ் முனைகள், வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளை, ரேடியேட்டர் மூடி ஆகிய இடங்களில் காய்ந்த கறை இருந்தால், கசிவு அங்கே என்று கருதலாம்.

இரண்டாவது, எஞ்சின் ஆயிலில் கலப்பது. ஆயிலின் அளவு ஏறியிருந்தாலும், பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும் எஞ்சினை இயக்கலாகாது, பேரிங்குகள் கெட்டுவிடும். லைனரின் ரப்பர் வளையம் பழுதுறுவது இதற்கொரு காரணம். லைனரின் அதிர்வால் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, உலோகத்தில் ஊசித்துளை அரிப்பதும் உண்டு. எஞ்சினுக்கு ஏற்ற கூலண்ட் இவ்வரிப்பைக் குறைக்கும். வெறும் கிணற்று நீர் குறைக்காது.

மூன்றாவது, எரியும் அறைக்குள் புகுவது. ஹெட் கேஸ்கெட் பழுதானால், எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாது. குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்துவைத்து இயக்கினால், ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் எழும். மூன்றிலும் விடை கிடைக்காவிடில், மெக்கானிக்கிடம் கைப்பம்பால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லலாம்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும். எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலண்ட் இனிக்கும் நஞ்சு. கால்நடைகள் நக்கும் இடத்திலோ குளத்திலோ அதனைக் கொட்டக் கூடாது.

நாள்தோறும் ஊற்றிய அளவை ஒரு நோட்டில் குறித்து வருவோமாயின், கசிவு வளர்வது முன்னரே தெரியும். ஊராட்சியின் டீசல் வண்டிகளுக்கும் இதே முறையை உறுப்பினர்கள் ஏற்படுத்தலாம். காலையில் சில நிமிடம் செலவிட்டால், உழவுநாளில் எஞ்சினைப் பிரித்துப் போடும் துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.