கணினியின் வேகத்தைக் கூட்டலாமா?

சென்ற வருடம் நமது மலருக்கு வந்த ஆக்கங்களில் 14 ஐத் தட்டச்சுச் செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வீட்டுக் கணினியில், பாமினி எழுத்துருவில், மூன்று இரவுகள் இருந்து முடித்தேன். நான்காம் நாள் பின்னேரம் கோப்பைத் திறந்தால் அது பழுதடைந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது. வைரஸ் இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் குறை இல்லை. ஆனால் அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர் நானாவும் நானும் சேர்ந்து அந்தக் கணினியின் வேகத்தைக் கூட்டியிருந்தோம். அந்த வேகத்துக்கும் இந்தக் கோப்புக்கும் என்ன தொடர்பு என்று தேடிப்போய்ப் படித்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினிப் பெட்டியைத் திறப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்று நினைக்கும் தங்கைமாரும் வாசிக்கட்டும். இதற்கு வேண்டியது ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் விஞ்ஞான பாடமும்தான்.

முதலில் எமது கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. புதுக் கணினி என்ற பேச்சு அத்துடன் எங்கள் வீட்டில் நின்றுபோனது. பிறகு கண்டியில் ஒரு கடையில் பாவித்த கணினி ஒன்றை வாப்பா வாங்கித் தந்தார். அதற்குள் இருந்த புரொசெசர், இன்டெல் பென்டியம் ஜி 3258. கடைக்காரர் அதைச் சாதாரணமாகத்தான் கொடுத்தார். பெயரைத் தேடிப் பார்த்த நானா துள்ளிக் குதித்தார். காரணம் இருந்தது.

பென்டியம் என்ற பெயர் 1993 இல் வந்தது. (அதன் உருவாக்கத்தில் முன்நின்ற பொறியியலாளர் வினோத் தாம், இந்தியாவின் பூனா நகரில் பிறந்தவர்.) அந்தப் பெயரின் 20 வருட நிறைவுக்காக 2014 இல் இன்டெல் வெளியிட்ட விசேட பதிப்புத்தான் ஜி 3258. இரண்டு கருக்கள், 3.2 கிகாஹேர்ட்ஸ், அறிமுக விலை 72 டொலர். மலிவான புரொசெசர்களில் பூட்டி வைக்கப்படும் ஒரு எண் இதில் மட்டும் திறந்து விடப்பட்டிருந்தது.

அது என்ன எண்? தாய்ப்பலகையில் ஒரு அடிப்படைக் கடிகாரத் துடிப்பு உண்டு. இந்தக் கணினியில் அது 100 மெகாஹேர்ட்ஸ். புரொசெசர் அதை 32 ஆல் பெருக்கிக்கொள்கிறது. 3200 மெகாஹேர்ட்ஸ், அதாவது 3.2 கிகாஹேர்ட்ஸ் வருகிறது. பெருக்கியை 42 ஆக மாற்றினால் 4.2 வரும். நிறுவனம் குறித்த மீடிறனுக்கு மேலே இப்படி ஓடவிடுவதைத்தான் ஓவர்குளொக்கிங் என்கிறார்கள். பெருக்கி பூட்டப்பட்டிருந்தாலும் ஒரு காலத்தில் வழி இருந்தது. 1998 இல் வந்த செலரோன் 300 ஏ, 66 மெகாஹேர்ட்ஸ் துடிப்பை நாலரையால் பெருக்கி 300 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. துடிப்பையே 100 ஆக உயர்த்தியவர்கள் அதே நாலரையால் 450 மெகாஹேர்ட்ஸ் பெற்றார்கள். பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 இன் மீடிறன் அது. மாணவர்கள் நிறையப் பேர் அந்தச் செலரோனைத் தேடி வாங்கியதில் வியப்பில்லை.

அப்படியானால் நிறுவனமே ஏன் 4.2 என்று எழுதி விற்கவில்லை? தையல் மெஷினை நினைத்துப் பாருங்கள். பெடலை அழுத்த அழுத்த வேகம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் நூல் அறுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நூல் அறுக்காமல் இடையிடையே தையல் விட்டுப்போனால்தான் ஆபத்து. பெருநாளன்று உடுத்தியபிறகுதான் பிரியும்.

புரொசெசரிலும் அதுதான் நடக்கிறது. 3.2 கிகாஹேர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் இருப்பது 0.31 நனோசெக்கன். அந்த நேரத்தில் ஒளிகூட அரைச் சாண் தூரமும் போகாது. அதற்குள் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் 0 இலிருந்து 1 க்கோ 1 இலிருந்து 0 க்கோ மாறி முடிக்க வேண்டும். 4.2 இல் கிடைப்பது 0.24 நனோசெக்கன் மட்டும். ஒன்று பிந்தினாலும் தப்பான விடை அடுத்த படிக்குப் போய்விடும். பிந்தாமல் மாறச் செய்ய ஒரு வழி, வோல்ற்றளவைக் கூட்டித் தள்ளுவது. இங்கேதான் கணக்குத் தலைகீழாகிறது.

திரான்சிற்றர்கள் மாறும்போது செலவாகும் வலு, கொள்ளளவத்தையும் மீடிறனையும் வோல்ற்றளவின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. வர்க்கம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மீடிறனை 3.2 இலிருந்து 4.2 ஆக உயர்த்தினோம்: 1.31 மடங்கு. அதற்காக வோல்ற்றளவை 1.05 இலிருந்து 1.25 ஆக்கினோம், வர்க்கித்தால் 1.42 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.86. வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, வெப்பமோ ஏறக்குறைய இரட்டிப்பு! இந்தப் புரொசெசருக்கு இன்டெல் குறித்த வெப்ப வலு 53 வாற்று. அதை அப்படியே எடுத்தால் இப்போது 99 வாற்று. தபால் அட்டையின் கால்வாசி அளவும் இல்லாத ஒரு சிலிக்கன் துண்டிலிருந்து பழைய குண்டு பல்ப் ஒன்றின் வெப்பம்.

அந்த வெப்பம் எங்கே போகும்? மேலே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் விசிறிக்கும், அங்கிருந்து அறைக் காற்றுக்கும். கூலரின் திறமையை ஒரு வாற்றுக்கு எத்தனை பாகை என்று அளக்கலாம். அறை 26 பாகையாக இருக்கும்போது 53 வாற்றில் புரொசெசர் 58 பாகை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஐ 53 ஆல் வகுத்தால் வாற்றுக்கு 0.6 பாகை. அதே கூலருடன் 99 வாற்று என்றால் 26 உடன் 59 ஐக் கூட்டி 85 பாகை. அறை வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் இதுவும் ஒரு பாகை ஏறும். திருகோணமலையில் 34 பாகைப் பகலில் இதே கணினி 93 காட்டும். நுவரெலியாவில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பல இன்டெல் புரொசெசர்கள் 100 பாகையை அண்மித்ததும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கஷ்டப்பட்டுக் கூட்டியது அங்கே சத்தமில்லாமல் கழிந்துபோகும்.

ஐஸ் வைத்தால் என்ன என்று தம்பி கேட்டான். சாதனைக்காகச் செய்பவர்கள் அதைவிடக் குளிரானதை ஊற்றுகிறார்கள்தான். 2011 இல் ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ் 8150 புரொசெசரைத் திரவ ஹீலியத்தால் குளிரூட்டி 8.429 கிகாஹேர்ட்ஸ் எட்டி கின்னஸில் பதிந்தார்கள். ஆனால் அது சில நிமிடக் காட்சி. எமது பக்கத்துக் காற்றில் ஈரப்பதன் அதிகம். 25 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள அறையில் 21 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதிலும் நீர்த்துளி படியும். தாய்ப்பலகையில் நீர்த்துளி படிந்தால் பிறகு வேகம் பற்றிய கவலையே இருக்காது.

இனி, எனது கோப்புக்கு வருவோம். 4.2 ஐ நாங்கள் இரவு இஷாவுக்குப் பிறகு, ஜன்னல் திறந்திருக்க, பத்து நிமிடம் சோதித்தோம். எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் தட்டச்சுச் செய்ததும் இரவுகளில்தான். கடைசிப் பிழைதிருத்தம் மட்டும் பகலில், ஏப்ரல் மாதத்து வெயிலில், அறை 31 பாகையாக இருந்தபோது செய்து சேமித்தேன். கோப்பு போன பிறகு பிரைம் 95 என்ற இலவச மென்பொருளை அதே பின்னேர நேரத்தில் ஓடவிட்டோம். பெரிய முதன்மை எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. விடை தெரிந்த கணக்குகளைப் புரொசெசரிடம் கொடுத்துச் சரி பார்க்கும். இரண்டு மணித்தியாலத்தில் மூன்று பிழைகள். கணினி நிற்கவுமில்லை, நீலத் திரை வரவுமில்லை. பெருக்கியைப் பழையபடி 32 க்கு இறக்கிவிட்டு மறுநாள் விடியும் வரை ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. மெம்டெஸ்ட் 86 கொண்டு ராமையும் சோதித்தோம்; அது சுத்தம்.

நிறுவனம் 3.2 என்று எழுதியபோது, வெயில், தூசு, வோல்ற்றளவின் ஏற்றத்தாழ்வு, பத்து வருட முதுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து ஒரு இடைவெளியை விட்டிருந்தது. நாங்கள் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவழித்தோம். நிறுவனங்களே அந்த ஓரத்துக்குப் போனாலும் சிக்கல்தான். 13 ஆம், 14 ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவு சென்று அவை நிலைகுலைவதாக 2024 இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது.

பிழை புரொசெசரில் மட்டும் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. மின்வழங்கி தரும் 12 வோல்ற்றைக் குறைந்த வோல்ற்றளவுக்கு இறக்கிக் கொடுப்பது, புரொசெசருக்குப் பக்கத்தில் தாய்ப்பலகையில் வரிசையாக இருக்கும் சிறிய கறுப்புச் சதுரங்கள். எமது மலிவான போர்டில் அவை கொஞ்சம்தான். மேலே வெப்பத்தகடும் கிடையாது. விரலை அருகே கொண்டுபோனேன், வைக்க முடியவில்லை. அவை சூடேறித் தளரும்போது, அதிக வேலை வருகின்ற அந்தக் கணத்தில், வோல்ற்றளவு சரியும்.

ஆகவே பாகங்கள் வாங்கும் யாரும் புரொசெசரின் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். இன்டெலில் பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து உள்ளவைதான் பொதுவாகப் பூட்டில்லாதவை; அவற்றைக் கூட்டுவதற்கு இசட் வரிசைத் தாய்ப்பலகை வேண்டும். கே வாங்கிவிட்டு மலிவு போர்ட் வாங்குபவர் மேலதிகமாகக் கொடுத்த பணம் வீண். 2017 இலிருந்து வரும் ஏ.எம்.டி. ரைசன்களில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை, ஆனால் ஏ 320, ஏ 520 போர்டுகள் புரொசெசரைக் கூட்ட விடமாட்டா. பி, எக்ஸ் வரிசைகளில் பெரும்பாலானவற்றில் முடியும். எதுவானாலும் அந்தக் கறுப்புச் சதுரங்களின் மேலே தகடு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மின்வழங்கியின் பெட்டியில் 500 வாற்று என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ற்று வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று தேடி 12 ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் உண்மையில் பயன்படுவது 216 வாற்றுத்தான். பெட்டியில் இருந்து காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கூலரும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

இன்னொன்று. பழைய போர்டுகள் சிலவற்றில் பெருக்கியைத் திறக்க பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும் ஊர் நமது. புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்ட் எழும்பாமலே போகலாம். யூ.பி.எஸ். இல்லாவிட்டால் காலையில் செய்யுங்கள்.

உண்மையைச் சொன்னால், இன்று புதிதாக வரும் புரொசெசர்கள் வெப்பமும் வலுவும் இடம்தரும் அளவுக்குத் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நாம் கூட்டுவதற்கு மிச்சம் அதிகமில்லை. பழைய கணினி வைத்திருப்பவர் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடட்டும். நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம். வேர்ட் திறப்பதற்கும் பிரவுசர் திறப்பதற்கும் 4.2 கிகாஹேர்ட்ஸ் தராத வித்தியாசத்தை அது தந்தது. அதை முதலிலேயே செய்திருந்தால் பெருக்கியைத் தொட்டிருக்கவே மாட்டோம் என்று நானா இப்போது சொல்கிறார். நான் நம்பவில்லை, அவர் எப்படியும் தொட்டிருப்பார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் இருந்து, பெருக்கியை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு மணித்தியாலம் பிரைம் 95 ஓட்டி, வெப்பநிலையைக் கொப்பியில் குறித்துக்கொண்டே போனோம். 38 இல் நிறுத்தினோம். 3.8 கிகாஹேர்ட்ஸ், 1.10 வோல்ற்று. மேலே சொன்ன கணக்கின்படி 69 வாற்று, 26 பாகை அறையில் 68 பாகை. 39 ஐ எட்ட வோல்ற்றளவை இன்னும் கூட்ட வேண்டியிருந்தது, வேண்டாம் என்று நானாவின் கையைப் பிடித்துவிட்டேன். அன்றிரவும் மறுநாள் பகலும் சேர்த்து ஓடவிட்டதில் பிழை ஏதும் வரவில்லை.

அந்த 14 ஆக்கங்களையும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து மறுபடியும் தட்டச்சுச் செய்தேன். இந்தக் கட்டுரையும் அதே கணினியில்தான் எழுதப்பட்டது. ஒரு பிரதி பென் டிரைவில் ஆசிரியையிடம் இருக்கிறது. இன்னொன்று உம்மாவின் போனில்.