எருக்கை விதையிட்டு வளர்த்தல்

எருக்கு விதைக்க வேண்டிய செடியா என்று அங்கத்தினர்கள் நகைக்கக்கூடும். புறம்போக்கில் தானே முளைப்பது; நடவுக்கு முன் தழையுரமாக வெட்டிச் சேற்றில் மிதிப்பது; பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுவது. அதன் பயன் அவ்வளவே என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் பட்டாம்பூச்சித் தோட்டம் அமைக்க விரும்புவோர் முதலில் நட வேண்டியது மணமுள்ள பூச்செடியையன்று, இந்த எருக்கையே.

வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியை அனைவரும் கண்டிருப்பர். செம்மஞ்சள் சிறகு, முன்சிறகின் நுனியில் கறுப்பும் அதனுள் வெள்ளைத் திட்டுகளும் உண்டு. தேனைப் பல பூக்களில் அது உண்ணும். முட்டையிடுவதற்கோ எருக்கினச் செடிகளையே நாடும். அதன் புழு அவ்விலையைத் தின்று, பாலிலுள்ள நஞ்சைத் தன்னுடலில் சேர்த்துக்கொள்ளும். ஆதலால் பறவைகள் புழுவையும், அது மாறிய பட்டாம்பூச்சியையும் பெரும்பாலும் தீண்டுவதில்லை.

வளர்ந்த செடியைப் பெயர்த்து நடலாகாதோ எனில், ஆணிவேர் ஆழமாகச் சென்றிருக்கும். அறுபட்டால் பெரும்பாலும் வாடிவிடும். ஆகவே விதையே நன்று. காய் முற்றி வெடிப்புக் காணும் தருணத்தில் பறித்தல் வேண்டும். பிந்தினால் விதை காற்றோடு போம். காயைப் பிளந்து, பஞ்சை விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு விதைகளை உதிர்த்தெடுக்கலாம். நெசவாளர் இப்பஞ்சைக் கண்டதும் நூற்க முற்படுவர். பட்டுப்போல் பளபளப்பினும் இழை வழவழப்பானது. தனியே நூற்றால் முறுக்கில் நில்லாது. பருத்தியோடு கலந்தால் நூலாகும். இல்லையேல் தலையணைக்கு ஆகும்.

அமெரிக்க நாட்டு எருக்கினங்கள் பலவற்றின் விதை, பனிக்காலக் குளிர் பட்டாலன்றிச் செவ்வனே முளைப்பதில்லை. நம் எருக்குக்கு அந்த நோன்பு இல்லை. மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் கால் அங்குல ஆழத்தில் இட்டு, வெயிலில் வைத்து, மண் உலராதபடி நீர் தெளித்தால் ஓரிரு வாரங்களில் முளைக்கும். நீர் தேங்கினால் அழுகும். நாலாறு இலை விட்டதும், வேர் நீளுமுன், ஐந்தடிக்கு ஒன்றாக மேட்டு நிலத்தில் நடுக. வெள்ளெருக்கு, நீல எருக்கு இரண்டும் புழுவுக்கு உகந்தவையே.

ஓர் எச்சரிக்கை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும். இலை கிள்ளிய கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் முகத்தருகே கொண்டுபோகலாகாது; சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. தவறிப் பட்டுவிட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்க.

முதலாண்டில் நாம் செய்த பிழையையும் சொல்லிவிடுவோம். செடிகள் இடுப்பளவு வளர்ந்தபோது தளிரில் மஞ்சள் அசுவினி மொய்த்தது. பயிர்க்காரரின் பழக்கம் விடுமா? வேப்பெண்ணெய்க் கரைசலை எடுத்துத் தெளித்தோம். அசுவினி குறைந்தது. ஆனால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடும் மூன்று இணைக் கொம்புகளோடும் மேய்ந்துகொண்டிருந்த புழுக்களும் சில நாளில் தின்னாமல் ஒடுங்கி உதிர்ந்தன. இலை ஓட்டையின்றி அழகாக நின்றது; பட்டாம்பூச்சி ஒன்றும் வரவில்லை. இச்செடி தின்னப்படுவதற்கென்றே வளர்ப்பது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. இப்பொழுது அசுவினி கண்டால் புழுவில்லாத கிளையில் மட்டும் நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறோம். மருந்தடிக்கும் பருத்தி வயலின் அருகே நடுவதுமில்லை.

முட்டை சில நாட்களில் பொரியும். புழு சுமார் இரண்டு வாரம் தின்னும். பின்னர்க் கூட்டுப்புழுவாகத் தொங்கும். ஒற்றைச் செடி போதாது, நாலைந்தேனும் வேண்டும். அருகில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இருந்தால் ஆண் பூச்சிகள் அவற்றின் வாடிய தண்டுகளில் வந்து மொய்ப்பதைக் காணலாம். காய்களை வெடிக்குமுன் பறித்துவிடுக. இல்லையேல் பக்கத்து வயல்காரர் நம்மோடு சண்டைக்கு வருவார்.

தழையுரத்துக்கு வெட்டுவோர் இலையின் இருபுறமும் பார்த்து, புழுவுள்ள செடியை விட்டுவைத்து, மற்றதைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டுக. அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும்.