பழைய ஹார்டு டிஸ்க் மந்தமா? கண்ட்ரோலரைக் கவனியுங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் இருக்கலாம். திடீரென்று அது பூட் ஆகவே பல நிமிடங்கள் எடுக்கும். பைல்களைக் காப்பி செய்தால் மவுஸ் கூடத் திக்கித் திக்கி நகரும். "டிஸ்க் போய்விட்டது, பார்மட் செய்யுங்கள்" என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பார்மட் செய்தால் குடும்பப் போட்டோக்கள் அழிந்துவிடும். கோளாறு கேபிளில் இருந்தால் சில நாட்களில் அதே தொல்லை மீண்டும் வரும்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் முக்கியமான பைல்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுவேன். பிறகு பார்ப்பது ஐடிஇ கண்ட்ரோலரைத்தான். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போக்குவரத்தைக் கவனிப்பது இதுவே. டிஎம்ஏ முறையில் தகவல் நேராக மெமரிக்குச் செல்லும். பிஐஓ முறையில் பிராசசரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5-ன் உச்ச வேகம் நொடிக்கு 100 மெகாபைட். பிஐஓ மோட் 4-ல் சுமார் 16 மெகாபைட்தான்.

தகவல் பரிமாற்றத்தில் பிழைகள் ஆறு முறை சேர்ந்தால் எக்ஸ்பி தானாகவே வேகத்தைக் குறைக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிஐஓவில் நின்றுவிடும்.

இதைச் சரி செய்யும் வழி:

1. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர் எனச் செல்லுங்கள். ஐடிஇ கண்ட்ரோலர்கள் பிரிவில் பிரைமரி ஐடிஇ சேனலை டபுள் கிளிக் செய்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் டேபைத் திறங்கள்.

2. கரண்ட் டிரான்ஸ்பர் மோட் என்ற இடத்தில் பிஐஓ என்று இருக்கிறதா? அதற்கு மேலே டிஎம்ஏ இஃப் அவைலபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

3. அப்படியும் மாறவில்லை என்றால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதைத் தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். பைல்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை.

4. சில நாட்களில் மீண்டும் பிஐஓ வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, 80 கம்பிகள் கொண்ட புதிய கேபிளைப் பொருத்துங்கள். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர் டிஸ்க்குக்கு. ஜம்பரும் மாஸ்டரில் இருக்கட்டும்.

5. பிறகும் தொல்லையா? டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இயங்கினால் பழுது மதர்போர்டு கண்ட்ரோலரில். அங்கேயும் தகராறு என்றால் டிஸ்க்கில்தான்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல், தகவலை மீட்டுத் தருபவரிடம் கொடுங்கள்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. எனவே வேகம் திரும்பியதும் முதல் வேலையாக எல்லா பைல்களையும் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள்.